நாலு மணிக்கு எழுந்தால்தான் யோகா ஆசிரியரா?

இந்த முறை ஒரே கடிதத்துக்குத்தான் பதில். நீளமான கடிதம், கேள்விகளும் கனமானவை. எழுதியவர் யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 46. சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கு அலுவலகத்தில் ஷிப்ட் வேலை. கணவர் பேருந்து ஓட்டுநர். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள், மகன் உயர்நிலை மூன்று. நாலு வருடத்துக்கு முன் முதுகுவலிக்காக வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் யோகா வகுப்பில் சேர்ந்தார். வலி போய்விட்டது, யோகா கூடவே தங்கிவிட்டது. இப்போது தானே ஆசிரியராக வேண்டும் என்று ஆசை. “என்னைப் போல வலியோடு வரும் பெண்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர்களை மாத்திரையிலிருந்து விடுவிக்க வேண்டும்” என்று எழுதுகிறார்.

அவர் மிகவும் மதிக்கும் ஓர் ஆசிரியர், பயிற்சியில் சேருமுன் ஆறு மாதம் உடம்பைப் பக்குவப்படுத்தச் சொல்லிச் சில விதிகள் கொடுத்திருக்கிறார். காலை 4 மணிக்கு எழ வேண்டும். பகலில் ஒரே வேளைச் சாப்பாடு. அசைவம் கூடாது, காப்பி கூடாது. ஆறு மாதம் முடிவதற்குள் சிரசாசனத்தில் 5 நிமிடம் நிற்க வேண்டும்.

ஆனால் சகோதரிக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிக்லசைட் இரண்டும் எடுக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். ஏழு வாரமாக விதிகளைக் கடைப்பிடித்ததில் 5 கிலோ குறைந்திருக்கிறது. காலை 11 மணி வாக்கில் இரண்டு முறை கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கால் விரல்கள் மரத்தாற்போல இருக்கின்றன. மூன்று வாரத்துக்கு முன் அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டார். கணவர் தினமும் சத்தம் போடுகிறார். இத்தனையிலும் ஆசிரியரிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் “தகுதியில்லை” என்று விட்டுவிடுவாரோ என்று பயம்.

அவர் கேட்பது மூன்று. இந்த உடம்போடு ஆசிரியராக முடியுமா? ரிஷிகேஷ் போய் 28 நாள் பயிற்சி எடுப்பதா, இங்கேயே வார இறுதியில் படிப்பதா? வேலையை விட்டுவிடலாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் ஆசை நல்ல ஆசை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போவது கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும். இந்தப் பதில் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். உங்களைப் போலவே இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்த மயக்கம்

“விரதம் இருந்தால் இப்படித்தான் நச்சு வெளியேறும், உடம்பு பழகிவிடும்” என்று வகுப்பில் சொன்னார்கள் என்கிறீர்கள். சகோதரி, நீங்கள் எழுதியிருப்பது ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவதன் அறிகுறி என்றே நான் நினைக்கிறேன். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் இருட்டல் எல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காரணம் எளிது. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை இப்படிக் கீழே தள்ளுவது அபூர்வம். கிளிக்லசைட் வேறு வகை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்களோ காலை 4 மணிக்கு எழுந்து ஒன்றரை மணி நேரம் பயிற்சி செய்கிறீர்கள், 7 மணிக்கு வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போடுகிறீர்கள், பகல் 2 மணிக்குத்தான் சாப்பிடுகிறீர்கள். 11 மணிக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும்?

“தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்தவள் நான்” என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தீர்கள், உங்கள் 35 வயதில். அப்போது உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை, இந்த மாத்திரையும் இல்லை. மன உறுதி இன்றும் அதேதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாத்திரைக்கு மன உறுதி தெரியாது.

ஆகவே மருத்துவரைப் பார்க்கும்வரை பழையபடி மூன்று வேளையும் சாப்பிடுங்கள். மறுபடி அப்படி வந்தால் உட்கார்ந்து விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறியதும் ஏதாவது சாப்பிடுங்கள். கருவி கையில் இல்லையென்றால் சோதனைக்காகக் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். நினைவு தப்பினால் யாரும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும். இதைக் கணவரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

எடை குறைந்திருப்பதால் கிளிக்லசைட்டின் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி இருக்கலாம். நீங்கள் நோன்பு இருந்ததையும் எடை குறைந்ததையும் மறைக்காமல் சொன்னால்தான் மருத்துவரால் அதைச் செய்ய முடியும்.

அப்புறம் அழுத்த மாத்திரை. தலைவலி இல்லை என்பதால் அழுத்தம் இல்லை என்று நினைக்கிறீர்கள். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அம்லோடிபின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும், அதனால் நிறுத்திய முதல் சில நாள் அளந்து பார்த்தவர்கள் “பாருங்கள், நன்றாகத்தானே இருக்கிறது” என்று ஏமாந்துபோவார்கள். யோகாவும் எடைக் குறைவும் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும் என்பது உண்மைதான். எவ்வளவு இறக்கியிருக்கிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஏழு நாள் அளந்து எழுதுங்கள். வீட்டில் எடுக்கும் அளவுகளின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அழுத்தம் இன்னும் அதிகம்தான். ஆனால் இந்த ஏழு நாள் முடியட்டும் என்று மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் போய் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள், மாத்திரையை எந்த அளவில் தொடர்வது என்று அவர் சொல்லட்டும்.

கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரை நோயே காரணமாக இருக்கலாம், வைட்டமின் பி12 குறைவும் காரணமாக இருக்கலாம். மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தால் பி12 குறையக்கூடும். அசைவத்தையும் நிறுத்தினால் இன்னும் குறையும். ரத்தப் பரிசோதனையில் இதையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

யாருடைய நாலு மணி?

யோகாவுக்கு உகந்தது என்று சொல்லப்படும், விடிவதற்கு முந்தைய நேரமான பிரம்ம முகூர்த்தத்தைச் சூரிய உதயத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். உதயத்துக்கு 1 மணி 36 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் நீளும். சென்னையில் சில மாதங்களில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும், அங்கே நாலரை மணி சரியாக வரும். சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏறக்குறைய 7 மணிக்குத்தான் விடிகிறது. 1982இல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததிலிருந்து இப்படித்தான். ஆக, இங்கே பிரம்ம முகூர்த்தம் சுமார் 5.25க்குத் தொடங்கி 6.10 வாக்கில் முடிகிறது. சாஸ்திரப்படியே பார்த்தாலும் ஜூரோங்கில் 4 மணிக்கு எழ வேண்டிய அவசியம் இல்லை.

இதைவிட முக்கியம் உங்கள் தூக்கம். மாலை ஷிப்ட் வாரத்தில் 10.30க்கு வேலை முடிந்து, வீடு வந்து, படுக்க 12 ஆகிறது. 4 மணிக்கு எழுந்தால் நாலு மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசி கூடும், அழுத்தம் ஏறும். காலையில் அவ்வளவு பாடுபட்டுச் சம்பாதிப்பதை இரவிலேயே இழந்துவிடுகிறீர்கள்.

காலை ஷிப்ட் வாரத்தில் சீக்கிரம் படுத்து 5 மணிக்கு எழுங்கள். மாலை ஷிப்ட் வாரத்தில் 7.30க்கு எழுந்து 8 மணிக்குப் பயிற்சி செய்யுங்கள். எந்த வாரமானாலும் எழுந்தவுடன் பயிற்சி, தினமும் தவறாமல், முக்கால் மணி நேரமாவது. நான் ஒழுக்கம் என்று சொல்வது இதைத்தான். ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் யோகத்தைக் கெடுக்கும் ஆறு விஷயங்களைச் சொல்கிறது. அளவுக்கு மீறி உண்பது அதில் ஒன்று. உடம்பை அளவுக்கு மீறி வருத்துவதும் ஒன்று. விதிகளையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒன்று. கீதையும் அதிகம் உண்பவனுக்கும் யோகம் இல்லை, ஒன்றுமே உண்ணாதவனுக்கும் இல்லை, ஓயாமல் விழித்திருப்பவனுக்கும் இல்லை என்கிறது. நீங்கள் ஆசைப்படும் மரபே உங்களைத் தூங்கச் சொல்கிறது.

சைவத்துக்கு மாறியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மீனையும் கோழியையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோற்றையும் உருளைக்கிழங்கையும் வைத்தால் சர்க்கரைதான் ஏறும். 40 வயதுக்கு மேல் பெண்களுக்குத் தசையும் எலும்பும் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு வேளையும் பருப்பு, கொண்டைக்கடலை, டோஃபு, டெம்பே, தயிர் இவற்றில் ஒன்று தட்டில் இருக்கட்டும். முட்டை உங்கள் விருப்பம். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். காப்பியைப் பொறுத்தவரை, கெட்டிப்பாலும் சர்க்கரையும் போட்ட கோப்பியைத்தான் நான் வேண்டாம் என்பேன். காலையில் ஒரு கோப்பி ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் போடாத காப்பி, உங்கள் யோகாவைக் கெடுக்காது.

சிரசாசனமும் மற்றவையும்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் நிலையில் சிரசாசனம் வேண்டாம்.

தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோயால் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் பலவீனமாகியிருந்தால் இது விளையாட்டல்ல. கழுத்து தாங்கும் பாரமும் கட்டுப்படாத ரத்த அழுத்தமும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய விழித்திரைப் படம் பற்றி நீங்கள் கடிதத்தில் எதுவும் சொல்லவில்லை. பலதுறை மருந்தகத்திலேயே எடுக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். கண்ணும் அழுத்தமும் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னபின், கால்களைச் சுவரில் உயர்த்திச் சாய்த்துப் படுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளும் வேண்டாம். இரு நாசிகளிலும் மாறி மாறி மூச்சு விடும் நாடிசுத்தியை, மெதுவாக, மூச்சை அடக்காமல், தாராளமாகச் செய்யலாம். உப்புத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து வாந்தியெடுப்பது, குடலைக் கழுவுவது போன்ற கிரியைகள் சில பயிற்சிகளில் உண்டு. சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர் அவற்றுக்கு மறுப்புச் சொல்லத் தயங்கவே கூடாது. மூக்கைத் தண்ணீரால் கழுவும் ஜலநேதி செய்வதானால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் மட்டும் செய்யுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கப் பாதுகாப்பானது என்றாலும் மூக்கு வழியாக ஏற்றும்போது கதை வேறு. அரிதாக ஓர் அமீபா மூளையைத் தாக்கி உயிரையே எடுத்த சம்பவங்கள் சில நாடுகளில் உண்டு.

சிரசாசனம் செய்யாமல் ஆசிரியராக முடியுமா என்று கேட்பீர்கள். என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர், தம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நாற்காலி யோகா சொல்லிக்கொடுக்கிறார். வருபவர்களில் பாதிப்பேர் எழுபதுக்கு மேல். புதிதாக யார் வந்தாலும் முதலில் “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எப்போ சாப்பிட்டீங்க, எங்க வலிக்குது” என்று கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். யாருடைய முகம் வெளுக்கிறது, யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரமப்படுகிறார் என்று நூறு வார்த்தை பேசிக்கொண்டே பார்த்துவிடுவார். மின்தூக்கிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் இதய மின்னதிர்வுக் கருவியை எடுத்துப் பயன்படுத்தத் தெரியும், அதற்கான முதலுதவிப் பயிற்சியும் முடித்திருக்கிறார். அவர் தலைகீழாக நின்று நான் பார்த்ததில்லை. என் அம்மா உயிரோடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவரிடம் அனுப்புவேன்.

சர்க்கரை நோயோடு பல வருடம் பழகிய ஒருவர், தமிழில், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு பேருக்கு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: முடியும். நோயை மறைத்துக்கொண்டு முடியாது.

ஆனால் “மாத்திரையிலிருந்து விடுவிப்பேன்” என்பதை மட்டும் இப்போதே கைவிட்டுவிடுங்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் செய்ய வேண்டியது. உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு மாணவி இன்சுலினை நிறுத்தி ஆம்புலன்ஸில் போனால், அதற்கப்புறம் உங்களால் நிம்மதியாக ஒரு நாள் பாய் விரிக்க முடியாது.

28 நாளா, ஏழு மாதமா?

200 மணி நேரச் சான்றிதழ் கிடைத்தால் அரசாங்க அங்கீகாரம் வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 200 மணி நேரம் என்ற அளவுகோலைப் பரப்பியது யோகா அலையன்ஸ் என்ற அமெரிக்க லாப நோக்கற்ற அமைப்பு, 1999இல் தொடங்கியது. அது ஒரு பதிவேடு. சிங்கப்பூரில் யோகா சொல்லிக்கொடுக்க மருத்துவருக்கோ வழக்கறிஞருக்கோ இருப்பது போன்ற அரசாங்க உரிமம் கிடையாது. வகுப்பு நடத்தும் இடங்கள் தங்களுக்கு வேண்டிய தகுதியைத் தாங்களே கேட்கும். அதனால் சான்றிதழின் பெயரைவிட அந்த 200 மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கேளுங்கள். உடற்கூறு எத்தனை மணி நேரம், யார் நடத்துகிறார்? நோயுள்ளவர்களுக்கு ஆசனத்தை மாற்றிக்கொடுக்கக் கற்றுத்தருவார்களா? நிஜ மாணவர்கள் முன்னால் நீங்கள் பாடம் நடத்த, ஒருவர் பார்த்துத் திருத்துவாரா? நடுவில் உடம்பு முடியாமல் நின்றால் பணம் திரும்ப வருமா? இதை எழுத்தில் வாங்குங்கள்.

28 நாளில் 200 மணி நேரம் என்றால் ஒரு நாள் விடாமல் தினமும் 7 மணி நேரத்துக்கு மேல். பழகாத உடம்பில் மணிக்கட்டு, தோள், தொடையின் பின்தசை உட்காரும் எலும்போடு சேரும் இடம் எல்லாம் இப்படித்தான் தேய்ந்து புண்ணாகும். சாப்பாட்டு நேரம் மாறும், மருந்து நேரம் மாறும், உங்களைத் தெரிந்த மருத்துவர் பக்கத்தில் இல்லை. வார இறுதிப் பயிற்சியில் அதே 200 மணி நேரம் ஏறக்குறைய ஏழு மாதம் பரவுகிறது. ஞாயிற்றுக்கிழமை கற்றதைத் திங்கள் முதல் வெள்ளி வரை உடம்பில் போட்டுப் பார்க்கலாம். வலி வந்தால் ஆற நேரம் உண்டு. என் வாக்கு இதற்குத்தான். ரிஷிகேஷுக்கு அப்புறமாகக் கணவரோடு நிதானமாகப் போய் வாருங்கள்.

கட்டணத்துக்கு, பயிற்சிக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தை நம்பியிருக்கிறீர்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் வரவு வைத்த 4,000 வெள்ளியை, குறிப்பிட்டுத் தேர்ந்தெடுத்த பாடங்களுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். நீங்கள் சேர நினைக்கும் பாடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையவாசலில் உங்கள் கண்ணால் பார்த்தபின் முன்பணம் கட்டுங்கள்.

வேலையை விடுவது பற்றி நான் நிதி ஆலோசகர் இல்லை என்றாலும் இதைச் சொல்வேன்: இப்போது வேண்டாம். சுயதொழில் என்றால் முதலாளி தரும் மத்திய சேமநிதிப் பங்கு நின்றுவிடும். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்கு நீங்களே செலுத்த வேண்டும். மருத்துவ விடுப்பு எடுத்தால் அன்றைய வகுப்புப் பணம் இல்லை. படித்து முடித்ததும் வாரத்துக்கு ஒரே ஒரு வகுப்பு, ஆறு பேருக்கு மேல் வேண்டாம், ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். பொறுப்புக் காப்புறுதியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் யோகாவை எதிர்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதாக நீங்கள் குறிப்பிட்டவற்றைப் பார்த்தால், நீங்கள் சமையலறையில் மயங்கி உட்கார்ந்ததிலிருந்துதான் சண்டை தொடங்கியிருக்கிறது. அவர் பயந்துபோயிருக்கிறார். மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.

கடைசியாக உங்கள் ஆசிரியர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆரோக்கியமான ஒருவருக்கு என்று நினைத்துத்தான் அந்த விதிகளைக் கொடுத்திருக்கிறார், உங்கள் மாத்திரைகள் அவருக்குத் தெரியாது. யோகத்தின் ஒழுக்க விதிகளான இயமங்களில் அகிம்சைக்கு அடுத்தது சத்தியம் என்று அவரிடமே படித்திருப்பீர்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து, வகுப்பு முடிந்ததும் தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள்: “ஐயா, எனக்கு ஆறு வருஷமா சர்க்கரை, அழுத்தமும் இருக்கு. டாக்டர் இன்னின்னது செய்யலாம், இன்னின்னது கூடாதுன்னு சொல்லியிருக்கார். அதுக்குத் தகுந்த மாதிரி எனக்குச் சொல்லிக்கொடுப்பீங்களா?” அவர் உடனே விதிகளை மாற்றிக்கொடுத்தால் அவரிடமே இருங்கள். “நம்பிக்கை இருந்தால் ஒன்றும் ஆகாது” என்று சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு வேறு ஆசிரியரைத் தேடுங்கள். மூன்று மாதம் கழித்து கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை முடிவும், ஒரு வார அழுத்தக் கணக்கும், கண் பரிசோதனை முடிவும் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தப் பயிற்சியில் சேர்வது என்று அப்போது பேசலாம்.